வண்டி கேள்வி-பதில்: கேபிளை அப்புறம் பார்ப்போம்

ஹேண்ட் பிரேக்கைப் பற்றி ஒரு கேள்விக்குப் பதில் போட்டாலும் போட்டேன், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு கட்டுக் கடிதம் வந்துவிட்டது. எழுதியவர்கள் பெரும்பாலும் பின்சக்கரத்திலும் டிஸ்க் பிரேக் உள்ள கார்க்காரர்கள். இந்த இதழை அவர்களுக்கே ஒதுக்கிவிடுகிறேன். டயர், பேட்டரி என்று கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: என் பழைய காரில் பின்னால் டிரம் பிரேக். ஹேண்ட் பிரேக்கை நாலு 'டக்' இழுத்தால் போதும், மேட்டில் அசையாமல் நிற்கும். இப்போதுள்ள காரில் நான்கு சக்கரத்திலும் டிஸ்க். கொஞ்ச நாளில் லிவர் மேலே மேலே வர ஆரம்பித்தது. மெக்கானிக் கேபிளை டைட் செய்து கொடுத்தார். சில மாதத்தில் பழைய கதைதான். மறுபடியும் டைட் செய்தார். இப்போது லிவரும் உயரமாக வருகிறது, கால் பிரேக்கும் கீழே இறங்கித்தான் பிடிக்கிறது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா? டிஸ்க் என்றாலே ஹேண்ட் பிரேக் இவ்வளவுதானா?

சம்பந்தம் உண்டு. உங்கள் வண்டியில் கோளாறு இருந்தது சக்கரத்தில், வைத்தியம் நடந்தது கேபிளுக்கு. இரண்டாவது முறை டைட் செய்ததில் நோய் காலுக்கும் பரவிவிட்டது.

முதலில் டிரம் ஏன் அவ்வளவு நல்ல பேர் வாங்கியது என்று சொல்லிவிடுகிறேன். டிரம் என்பது சக்கரத்தோடு சுற்றும் கிண்ணம். அதன் உள்ளே இருக்கும் ஷூ என்ற வளைந்த கட்டை, டிரம்மைத் தொட்டதும், உருளப் பார்க்கும் டிரம் அந்த ஷூவையும் தன்னோடு இழுக்கும். அந்த இழுப்பே ஷூவை இன்னும் இறுக்கமாக அழுத்தும். கதவுக்கு அடியில் ஆப்பு வைத்தால், கதவைத் தள்ளத் தள்ள ஆப்பு இறுகுகிறதல்லவா, அதே வேலை. உங்கள் கை கொடுப்பது பாதி, மீதியை டிரம்மே கொடுத்துவிடும். டிஸ்கில் இந்தச் சலுகை கிடையாது. சக்கரத்தோடு சுற்றும் அந்தத் தட்டை, பேடு என்ற இரண்டு உராய்வுக் கட்டைகள் இரண்டு பக்கமும் நேராக நின்று கவ்வ வேண்டும். எவ்வளவு அழுத்துகிறீர்களோ அவ்வளவுதான் பிடி.

எவ்வளவு அழுத்த வேண்டும்? சின்னக் கணக்கு ஒன்று போடலாம். கார்களுக்கான ஐ.நா. பிரேக் விதி 13-எச், முழுச் சுமையோடு உள்ள வண்டியை 20 சதவீதச் சரிவில் ஹேண்ட் பிரேக் நிறுத்தி வைக்க வேண்டும் என்கிறது. 100 மீட்டர் போனால் 20 மீட்டர் ஏறும் மேடு. ஒன்றரை டன் வண்டி அங்கே சுமார் 2,900 நியூட்டன் விசையோடு கீழே இறங்கப் பார்க்கும். டயரின் ஆரம் 30 சென்டிமீட்டர், பேடு கவ்வும் இடம் டிஸ்க் மையத்திலிருந்து 12 சென்டிமீட்டர், உராய்வுக் கெழு 0.38 என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு பின்சக்கரத்திலும் பேடுகள் ஏறத்தாழ 4,700 நியூட்டன் விசையோடு டிஸ்கைக் கவ்வியாக வேண்டும். கிட்டத்தட்ட அரை டன்! ஆனால் கையால் இழுப்பவரிடம் 400 நியூட்டனுக்கு மேல் பலம் கேட்கக் கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. ஆக, உங்கள் கை பலத்தை லிவரும், காலிப்பரில் (பேடுகளைத் தாங்கி டிஸ்கைக் கவ்வும் பகுதி) உள்ள ஆர்மும் சேர்ந்து பல மடங்காகப் பெருக்கித் தர வேண்டும்.

விசையைப் பெருக்கினால் நகரும் தூரம் சுருங்கும், அதற்கு விதிவிலக்கே கிடையாது. மேலே லிவர் ஒரு சாண் வரும்போது கீழே காலிப்பரில் பேடைத் தள்ளும் பிஸ்டன் நகர்வது மில்லிமீட்டர் கணக்கில்தான். இதை மனதில் வையுங்கள். காலிப்பருக்குள் அரை மில்லிமீட்டர் கூடுதலாக இடைவெளி விழுந்தால், அது லிவரில் பல கிளிக்காகத் தெரியும். அதைப் பார்த்து "கேபிள் நீண்டுபோச்சு" என்று சொல்லிவிடுகிறோம். எஃகுக் கேபிள் புதிதில் கொஞ்சம் நீளும், உண்மை. அதற்கப்புறம் சில மாதத்துக்கு ஒருமுறை நீண்டுகொண்டே போக அது ரப்பர் இல்லை.

உங்கள் வண்டியில் இருப்பது ஒரே காலிப்பரில் கால் பிரேக்கும் ஹேண்ட் பிரேக்கும் சேர்ந்த வகை என்று உங்கள் விவரத்திலிருந்து தெரிகிறது. அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். காலிப்பரின் முதுகில் ஒரு சிறு ஆர்ம். கேபிள் அதைத்தான் இழுக்கிறது. ஆர்மின் தண்டு காலிப்பருக்குள் போகிறது. அங்கே இரண்டு தட்டுகள், அவற்றில் சரிவாக வெட்டிய குழிகள், குழிக்குள் எஃகு குண்டுகள். ஆர்ம் திரும்பினால் குண்டுகள் சரிவில் ஏறும், ஒரு தட்டு முன்னால் தள்ளப்படும். (சில கம்பெனிகள் குண்டுக்குப் பதிலாக கேம் வைப்பார்கள்; வேலை ஒன்றுதான்.) தட்டு ஒரு மரைத்தண்டைத் தள்ளும். அந்தத் தண்டின் மேல் ஒரு நட்டு. நட்டு பிஸ்டனின் உள்பக்கத்தில் போய் முட்டி, பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் பேடைத் தள்ளும்.

இதில் கெட்டிக்காரத்தனம் எல்லாம் அந்த நட்டில் இருக்கிறது. பேடு தேயத் தேய பிஸ்டன் வெளியே வந்துகொண்டே இருக்கும். நட்டு இருந்த இடத்திலேயே இருந்தால் இருவருக்கும் நடுவே இடைவெளி விழும். அதனால் தண்டில் மரையை ரொம்பவும் சாய்வாக வெட்டியிருப்பார்கள். கால் பிரேக் மிதிக்கும்போது பிஸ்டன் முன்னே போக, ஒரு ஸ்பிரிங் நட்டைத் தள்ள, நட்டு அந்தச் சாய்வு மரையில் தானாகச் சுழன்று பிஸ்டன் பின்னாலேயே போய்விடும். ஹேண்ட் பிரேக் இழுக்கும்போது மட்டும் அது பிஸ்டனோடு அழுந்திச் சுழல முடியாமல் நின்று, தள்ளும். ஒரே நட்டு, ஒரு நேரம் ஓடுகிறது, ஒரு நேரம் பூட்டிக்கொள்கிறது. இதை வடிவமைத்த ஆளுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

ஆனால் இந்தத் தானியங்கி ஏற்பாட்டுக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஹேண்ட் பிரேக் விட்டிருக்கும்போது அந்த ஆர்ம் முழுதாகப் பின்வந்து, தன் முட்டில் (அதற்கு மேல் பின்போகாமல் தடுக்கும் இடம்) உட்கார்ந்திருக்க வேண்டும். கேபிளை அளவுக்கு மீறி டைட் செய்தால் ஆர்ம் எப்போதும் பாதி இழுத்தபடியே நிற்கும். உள்ளே கணக்கு பிசகும். தேய்மானத்துக்கு ஏற்ப இடைவெளி ஒழுங்காக எடுக்கப்படாது. பிறகு கால் பிரேக் மிதித்தால், பெடல் முதலில் அந்த வெற்று இடைவெளியைத் தீர்க்க ஆயிலைத் தள்ளுகிறது, அப்புறம்தான் பிடிக்கிறது. உங்கள் பெடல் கீழே இறங்குவது அதனால்தான் இருக்கும். (ஆயில் கசிவும் காற்றும் இல்லை என்று முதலில் பார்த்துவிட்டு இதை நம்புங்கள்.)

சரி செய்யும் முறை தலைகீழாகப் போக வேண்டும். கேபிள் அட்ஜஸ்டரை முழுக்கத் தளர்த்துங்கள். முன்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள்; ஜாக்கியை மட்டும் நம்பி கீழே கை விடாதீர்கள். இரண்டு ஆர்மும் முட்டில் வந்து உட்கார்ந்ததா என்று பாருங்கள். உட்காரவில்லை என்றால் கேபிளின் முனையை ஆர்மிலிருந்து கழற்றிவிட்டு, ஆர்மை ஸ்பானரால் திருப்பி விடுங்கள். பட்டென்று திரும்பி வந்தால் காலிப்பர் குற்றவாளி இல்லை, கேபிள்தான் உறைக்குள் துருப்பிடித்து மாட்டுகிறது. ஆர்ம் சோம்பலாக வந்தாலோ வராமலே நின்றாலோ, தண்டின் ரப்பர் மூடி கிழிந்து தண்ணீர் போய்த் துருவேறியிருக்கும். அந்தக் காலிப்பரை மாற்ற வேண்டும், அல்லது பிரித்துப் புது சீல் போட வேண்டும். மேலாக எண்ணெய் விட்டு இரண்டு நாள் ஓட்டும் சமாளிப்பை நான் ஒத்துக்கொள்வதில்லை.

ஆர்ம் இரண்டும் சுறுசுறுப்பாக இருந்தால், இன்ஜினை ஓடவிட்டு பிரேக் பெடலை நன்றாக, முழுதாக, பல தடவை மிதித்து மிதித்து விடுங்கள். அப்போதுதான் உள்ளே நட்டு படிப்படியாக முன்னேறும். சில வகைக் காலிப்பரில் இது ஹேண்ட் பிரேக் லிவரை இழுத்து விடுவதால் நடக்கும். எது என்று வண்டிப் புத்தகத்தில் இருக்கும். எல்லாம் முடிந்த பிறகு, கடைசியாக, கேபிளின் தொய்வு போகும் அளவுக்கு மட்டும் அட்ஜஸ்டரைத் திருப்புங்கள். ஆர்ம் முட்டை விட்டுக் கிளம்புகிறது என்று தெரிந்தால் அங்கேயே நிறுத்தி, கொஞ்சம் பின்வாங்குங்கள். சக்கரத்தைக் கையால் சுற்றினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும்.

கேள்வி: என் காரில் எந்த வகை இருக்கிறது என்று வெளியிலிருந்தே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். பின்சக்கரத்தின் பின்புறம் டார்ச் அடித்துப் பாருங்கள். காலிப்பரின் முதுகில் ஒரு ஆர்மும் அதில் கேபிளும் தெரிந்தால், மேலே சொன்ன வகை. காலிப்பர் முதுகில் கறுப்புப் பிளாஸ்டிக் உடம்போடு ஒரு மோட்டாரும் அதற்கு வயர் பிளக்கும் இருந்தால் எலக்ட்ரிக் வகை. காலிப்பரில் பிரேக் ஆயில் குழாயைத் தவிர எதுவும் இல்லை, கேபிள் டிஸ்கின் நடுப்பகுதிக்குப் பின்னால் போய் மறைகிறது, டிஸ்கின் மையம் தொப்பி போல ஆழமாக இருக்கிறது என்றால், அந்தத் தொப்பிக்குள்ளேயே ஒரு குட்டி டிரம் பிரேக் ஒளிந்திருக்கிறது. கால் பிரேக்குக்கு டிஸ்க், ஹேண்ட் பிரேக்குக்கு டிரம். கனமான கார்களிலும் பெரிய எஸ்.யு.வி.களிலும் இது அதிகம். என்னைக் கேட்டால் நிறுத்தி வைக்கும் வேலைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

நாலாவது ஒன்றும் உண்டு: ஹேண்ட் பிரேக்குக்கென்றே தனியாக ஒரு சின்னக் காலிப்பர். 1961-ல் வந்த ஜாகுவார் ஈ-டைப்பில் அப்படித்தான். பின்சக்கரம் என்பதும் கட்டாயமில்லை. சாப் 99 காரில் ஹேண்ட் பிரேக் முன்சக்கரத்தைப் பிடித்தது.

கேள்வி: தொப்பிக்குள் டிரம் உள்ள வகைதான் என்னுடையது. ஷூ தேயவே தேயாது, தொடவே வேண்டாம் என்று நண்பர் சொல்கிறார். ஆனால் பின்னாலிருந்து ஏதோ கரகரவென்று உரசுகிறது.

நண்பர் சொன்னதில் முன்பாதி சரி. நிற்கிற வண்டியை நிறுத்தி வைப்பதற்கு மட்டும் பயன்படுவதால், ஷூவின் மேல் ஒட்டியுள்ள உராய்வுப் பட்டையான லைனிங் தேய்வது மிகக் குறைவு. தேயாததாலேயே யாரும் திறந்து பார்ப்பதும் இல்லை. ஆண்டுக்கணக்கில் ஈரம் உள்ளே போய், ஷூவின் இரும்புத் தகட்டுக்கும் லைனிங்குக்கும் நடுவே துரு வளரும். ஒரு நாள் லைனிங் முழுசாக ஷூவிலிருந்து கழன்று டிரம்முக்குள் சுற்ற ஆரம்பிக்கும். உங்களுக்குக் கேட்கும் கரகரப்பு அதுவாக இருந்தால், அதுவே போய் சக்கரத்தைச் சிக்க வைத்துவிடலாம். தள்ளிப்போடாமல் பிரித்துப் பாருங்கள்.

டிஸ்க் வர மறுத்தால் சுத்தியலை எடுப்பதற்கு முன், உள்ளே ஷூவை அகட்டி வைத்திருக்கும் பல் சக்கரத்தைப் பின்வாங்குங்கள். டிஸ்கின் முகத்தில் ஒரு துளை இருக்கும். அது பல் சக்கரத்துக்கு நேரே வரும்படி டிஸ்கைச் சுற்றி, ஸ்க்ரூ டிரைவரை விட்டுப் பல் பல்லாகத் திருப்ப வேண்டும். பல டிஸ்கில் மரை வெட்டிய இரண்டு துளைகளும் இருக்கும். அவற்றில் போல்ட்டை மாற்றி மாற்றி முடுக்கினால் டிஸ்க் தானாக வெளியே வரும். மாட்டும்போது இதே பல் சக்கரத்தை டிஸ்க் லேசாக உரசும்வரை திருப்பி, சுதந்திரமாகச் சுற்றும் அளவுக்குச் சில பல் பின்வாங்குங்கள். கேபிள் இங்கேயும் கடைசிதான்.

கேள்வி: நீண்ட இறக்கத்தில் வந்து, சரிவான இடத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தினேன். சரியாகத்தான் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து வந்து பார்த்தால் வண்டி ஓரடி நகர்ந்து முன்னால் இருந்த கல்லில் சாய்ந்திருந்தது. யாரோ தள்ளிவிட்டார்களா?

யாரும் தள்ளவில்லை, டிஸ்க் ஆறியிருக்கிறது. இறக்கத்தில் பிரேக் பிடித்துக்கொண்டே வந்ததால் டிஸ்கும் பேடும் நன்றாகச் சூடேறி, நூலளவு பருத்திருக்கும். அந்தப் பருமனில் நீங்கள் லிவரை இழுத்துப் பூட்டினீர்கள். வண்டி நின்ற பிறகு அவை ஆறிச் சுருங்க, பிடி தளர்ந்துவிட்டது. லிவர் பூட்டிய இடத்திலேயே இருக்கும், கேபிளும் கொஞ்சம் இழுவையில் இருக்கும், ஆனால் அரை டன் கவ்வ வேண்டிய பேடு அதைவிடக் குறைவாகத்தான் கவ்விக்கொண்டிருக்கும். உங்கள் கையளவு பலத்துக்கு விளிம்பில் நின்ற வண்டி நகர்ந்துவிடும்.

சூடான பிரேக்கோடு சரிவில் நிறுத்தினால் வழக்கத்தைவிட ஓரிரு கிளிக் கூட இழுங்கள், கியரில் போடுங்கள், வண்டி இறக்கத்தைப் பார்த்து நின்றால் சக்கரத்தை ஓரத்துக் கல்லை நோக்கித் திருப்பி வையுங்கள். எலக்ட்ரிக் வகையில் இதைக் கம்ப்யூட்டரே கவனிக்கும்: பிரேக் சூடாக இருந்தது என்று அதற்குத் தெரிந்தால், நீங்கள் இறங்கிப் போன சில நிமிடங்கள் கழித்து மோட்டாரை மறுபடி ஓட்டி இறுக்கிக்கொள்ளும். யாருமில்லாத காரின் பின்னாலிருந்து 'ங்ர்ர்' என்று சத்தம் வந்து பயந்துபோனதாக ஒரு வாசகி எழுதியிருந்தார். அம்மா, பேய் இல்லை, அதுதான் இது.

கேள்வி: பின் பேடு மாற்றும்போது பிஸ்டன் உள்ளே போகவே மாட்டேன் என்கிறது. முன்சக்கரத்தில் கிளாம்ப் வைத்து அழுத்தியதும் போனதே?

அழுத்தாதீர்கள், நிறுத்துங்கள்! முதல் பதிலில் சொன்ன நட்டும் மரைத்தண்டும் உள்ளே குறுக்கே நிற்கின்றன. பிஸ்டனை அழுத்திக்கொண்டே சுழற்றினால்தான் நட்டு தண்டின்மேல் பின்வாங்கும். அதற்கென்றே பிஸ்டன் முகத்தில் உள்ள பள்ளங்களில் பொருந்தும் கருவி இருக்கிறது. பெரும்பாலும் வலஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். சில வண்டியில் ஒரு பக்கம் இடஞ்சுழி. தவறான பக்கம் சுழற்றினால் பிஸ்டன் வெளியே வரும், கவனித்தாலே தெரியும். கிளாம்ப் போட்டு முரட்டுத்தனமாக அழுத்தினால் உள்ளே உள்ள ஏற்பாடு நொறுங்கி, நல்ல காலிப்பரைக் குப்பையில் போட வேண்டிவரும்.

இன்னொன்றும் உண்டு. பல பேடுகளின் முதுகில் ஒரு சிறு குமிழ் இருக்கும். அது பிஸ்டனின் பள்ளத்தில் உட்கார வேண்டும், பிஸ்டன் சுழலாமல் பிடித்துவைப்பது அதுதான். பள்ளத்தைச் சரியான கோணத்தில் நிறுத்தாமல் மாட்டினால் பேடு கோணலாகத் தேயும், தானியங்கி ஏற்பாடும் வேலை செய்யாது.

கேள்வி: எலக்ட்ரிக் பார்க்கிங் பிரேக். பேட்டரி செத்தால் வண்டி உருண்டுவிடுமா?

உருளாது. மோட்டார் ஒரு மரைத்தண்டைச் சுழற்றித்தான் பிஸ்டனைத் தள்ளுகிறது. அந்த மரை பின்னாலிருந்து தள்ளினால் சுழலாத ரகம். மோட்டாரில் ஓடும் மின்சாரத்தின் அளவைப் பார்த்து, போதுமான அழுத்தம் வந்தது என்று கம்ப்யூட்டர் முடிவு செய்து நிறுத்தும். அதற்குப் பிறகு பிடித்துவைக்க மின்சாரமே தேவையில்லை. நிறுத்திய பிரேக்கை ஆயில் அழுத்தத்தை நம்பி விடாமல் இயந்திரப் பூட்டாகவே வைத்திருக்க வேண்டும் என்பதும் அந்த 13-எச் விதியில் உள்ளதுதான். ஆயில் ஆறும், சீல் கசியும். உங்கள் தலைவலி வேறு: பேட்டரி செத்தால் பிரேக்கை விடுவிக்க முடியாது. வெளியிலிருந்து பேட்டரி இணைப்புக் கொடுத்து, பிறகு பட்டனை அழுத்துங்கள்.

2001-ல் எலக்ட்ரிக் பிரேக் பி.எம்.டபிள்யூ. 7 சீரிஸில் வந்தபோது மோட்டார் கேபிளை இழுத்தது. இப்போது பரவலாக இருப்பது காலிப்பரிலேயே மோட்டார் உட்காரும் வகை. ஃபோக்ஸ்வாகன் பசாட்டிலும் 2005-ல் அது வந்தது. இதில் பேடு மாற்றும் முன் மோட்டாரை 'சர்வீஸ் மோடு'க்குக் கொண்டுபோய்ப் பின்வாங்க வைக்க வேண்டும். ஸ்கேன் கருவி வேண்டியிருக்கும். சில வண்டியில் பெடல், பட்டன் வரிசையாலேயே முடியும். கழற்றி வைத்த காலிப்பரோடு யாராவது பட்டனைத் தட்டிவிட்டால் பிஸ்டன் வெளியே ஓடிவிடும். பிள்ளைகளை வண்டிக்குள் விளையாட விடாதீர்கள்.

கேள்வி: ஓடும்போது அந்தப் பட்டனைத் தவறி இழுத்துவிட்டால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு சுற்றிவிடுமா?

பெரும்பாலான வண்டிகளில் இல்லை. லேசாகத் தட்டினால் எச்சரிக்கைச் சத்தம் மட்டும் வரும். பிடித்து இழுத்தபடியே இருந்தால், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். அமைப்பின் பம்ப் ஆயில் அழுத்தம் கொடுத்து நான்கு சக்கரத்தையும் பூட்டாமல் நிதானமாக நிறுத்தும். விட்டால் பிரேக்கும் விட்டுவிடும். கால் பிரேக் கைவிட்ட நேரத்தில் இது உதவும். பழைய கை லிவருக்கு இந்தப் பொறுமை கிடையாது, பின்சக்கரத்தை அப்படியே பூட்டும்.

கேள்வி: ஆட்டோமேட்டிக் கார். மேட்டில் நிறுத்தி 'பி'யில் (பார்க்கிங் நிலை) போட்டுவிட்டுத் திரும்ப எடுக்கும்போது 'டங்' என்று அடிக்கிறது.

வண்டியின் முழு எடையும் கியர்பாக்ஸில் உள்ள ஒரு சின்னக் கொக்கியில் தொங்குகிறது, அதைப் பிடுங்கும் சத்தம். கால் பிரேக், நியூட்ரல், ஹேண்ட் பிரேக், காலை எடுத்து வண்டியை உட்கார விடுவது, அதன் பிறகு 'பி'. இந்த வரிசையில் செய்யுங்கள், சத்தம் போய்விடும்.

கேள்வி: ஒரு மாதம் வெளியூர் போகிறோம். ஹேண்ட் பிரேக் போட்டே விட்டுவிட்டுப் போகலாமா?

சமதளம் என்றால் வேண்டாம். கழுவிய ஈரத்தோடோ மழை நனைவோடோ நிறுத்தினால், பேடு டிஸ்கோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். தொப்பிக்குள் டிரம் உள்ள வகையில் ஷூ இன்னும் பிடிவாதமாக ஒட்டும். நிறுத்தும் முன் கொஞ்ச தூரம் ஓட்டி பிரேக்கைக் காயவிடுங்கள். கியரில் போடுங்கள், ஆட்டோமேட்டிக் என்றால் 'பி'. ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். எலக்ட்ரிக் வகை தானாகப் போட்டுக்கொள்ளும் என்றால், அதை எப்படித் தடுப்பது என்று வண்டிப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். சரிவில்தான் நிறுத்த முடியும் என்றால் ஒட்டினாலும் பரவாயில்லை, போட்டே வையுங்கள். திரும்பி வந்து கிளப்பும்போது 'டப்' என்று ஒரு சத்தத்தோடு விட்டுவிட்டால் பிரச்சினை இல்லை. விடாவிட்டால் ஆக்ஸிலரேட்டரை மிதித்து இழுக்காதீர்கள், முன்னும் பின்னுமாக மெதுவாக அசைத்துப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். கட்டை வைத்திருப்பதை ஒரு சீட்டில் எழுதி ஸ்டீயரிங்கில் ஒட்டிவிட்டுப் போங்கள்.